கணவர் தொடக்கூடாத துவக்கு

விண்ணப்பப் படிவத்தில் 'காரணம்' என்று போட்டிருந்த இடத்தில் மூன்று கோடுகள்தான் இருந்தன. நான் இரண்டு பக்கம் எழுதி இணைத்தேன். விளையாட்டுக்கோ வேட்டைக்கோ சேகரிப்புக்கோ துப்பாக்கி வாங்குகிறவர்கள் ஒரு பெட்டியில் புள்ளடி போட்டால் போதும். வேறு நோக்கம் உள்ளவர்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டின் வரைபடம், பால்கனி எந்தத் திசையைப் பார்க்கிறது, நவம்பரில் எத்தனை மணிக்கு இருட்டுகிறது, என் கணவருக்கு எந்தெந்த நாட்களில் பின்னேர வேலை என்று எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியிருந்தேன். எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்று: மச்சாள்.

நாங்கள் சுவிஸில், பாசல் நகரில், தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். என் கணவர் டிராம் ஓட்டுகிறார். நான் ஒரு மருந்துக் கம்பனியில் ஆவணங்களில் பிழை பார்க்கிறேன். மகளுக்கு அப்போது நாலு வயது. ஒரு நாள் பின்னேரம் ஐந்தரைக்கு அவளைப் பராமரிப்பு நிலையத்தில் இருந்து கூட்டிவந்து கதவைத் திறந்தபோது வீடு குளிர்ந்து கிடந்தது. பால்கனிக் கதவை நெம்பித் திறந்திருந்தார்கள். அலமாரிகளில் இருந்து இழுத்தெடுத்த லாச்சிகள் எல்லாம் நிலத்தில். நகைகளை நான் ஒடியல் மா டப்பாவுக்குள் வைத்திருந்தபடியால் அவை தப்பிவிட்டன. போனது ஒரு டாப்லெட்டும் என் கணவரின் வாசனைத் தைலமும்தான். ஆனால் மகளின் கட்டில் விரிப்பில், முயல் படத்துக்கு மேலே, ஒரு சப்பாத்து அடி முழுதாகப் பதிந்திருந்தது. மேல் அலமாரியை எட்டுவதற்காக ஏறியிருக்கிறான். அந்த அடியை நான் மூன்று தரம் தோய்த்தேன். நாலாம் தரம் விரிப்பையே வீசிவிட்டேன்.

அதற்குப் பிறகு பின்னேரங்களில் என்னால் வீட்டில் தனியே இருக்க முடியவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு இவர் ஓட்டும் டிராமிலேயே ஏறி, கடைசித் தரிப்பிடம் வரை போய்த் திரும்பி, மறுபடியும் போய் வந்தேன். மகளுக்கு அது பெரிய சந்தோஷம். மூன்றாவது கிழமை இவர் சொல்லிவிட்டார்.

"இஞ்சரும், டிராம் ஓடுற ஆளோட கதைக்கக் கூடாதெண்டு கண்ணாடியில எழுதியிருக்கு. இவள் ஒவ்வொரு தரிப்பிலயும் வந்து 'அப்பா, பசிக்குது' எண்டுறாள். சனம் சிரிக்குது."

அந்த நேரம் பார்த்துத்தான் மச்சாள் அழைத்தார். மச்சாள் என்றால் இவருடைய அக்கா. பிரெஞ்சு பேசும் நொஷாட்டலில் அவருக்கும் அவருடைய கணவர் அத்தானுக்கும் சொந்த வீடு. மேல்மாடி காலி.

"பேசாமல் இஞ்ச வாங்கோவன். மேல்மாடி சும்மாதானே கிடக்கு. நீர் தனிய இருக்கத் தேவையில்லை. நான் எந்த நேரமும் வீட்டிலதான்."

அந்தக் கடைசி வசனம்தான் என்னைப் பயமுறுத்தியது. மச்சாள் நல்லவர். நல்லவர் என்பதால்தான் சிக்கல். எங்கள் வீட்டுக்கு வந்தால் மசாலாப் போத்தல்களை உயர வரிசைப்படி அடுக்கிவிட்டுத்தான் இருப்பார். அங்கே போனால் என் வேலை போய்விடும். பிரெஞ்சில் பிழை பார்க்கும் அளவுக்கு எனக்குப் பிரெஞ்சு வராது. மகளின் பல் ஆடத் தொடங்கினால் என்ன செய்வது என்பதைக்கூட மச்சாள் தீர்மானிப்பார். இவரோ, "அக்கா சொல்லுறதிலயும் ஒரு நியாயம் இருக்கு" என்று தொடங்கியிருந்தார். எங்கள் வீட்டில் தனியே இருக்க எனக்குத் துணிவு வராவிட்டால், கோடை விடுமுறைக்குள் நான் நொஷாட்டலில் இருப்பேன். அது எனக்கும் தெரியும், மச்சாளுக்கும் தெரியும்.

துப்பாக்கி யோசனையைத் தந்தது என் மேசைக்கு எதிரே இருக்கும் சக ஊழியை. சுவிஸ்காரி. பக்கத்து மாநிலத்தில், எங்கள் வீட்டில் இருந்து ஐந்தாறு டிராம் தரிப்புத் தள்ளி இருக்கிறாள். சனிக்கிழமைகளில் சுடுதல் கழகத்துக்குப் போகிறவள்.

"அனுமதிப் பத்திரம் எடு, கடைக்குப் போ, வாங்கு. எனக்கு ஒன்றும் கஷ்டமாக இருக்கவில்லை" என்றாள். "விளையாட்டு என்று புள்ளடி போடு. ஒருவரும் கேட்க மாட்டார்கள்."

"நான் விளையாட்டுக்கு வாங்கவில்லையே."

"அப்படியானால் நீ கஷ்டப்படுவாய்" என்று சொல்லிவிட்டுத் தன் அப்பிளைக் கடித்தாள்.

இந்த நாட்டில் ஆயுதச் சட்டம் ஒன்றுதான். ஆனால் படிவம், கட்டணம், காத்திருக்கும் நாட்கள், தொலைபேசியை எடுக்கிறவரின் குரல் எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நான் மூன்று படிவங்களை இறக்கி எடுத்தேன். எங்களுடையது, சக ஊழியையின் மாநிலத்தது, நொஷாட்டலுடையது. நொஷாட்டல் படிவத்தை ஏன் எடுத்தேன் என்று அப்போது என்னிடம் கேட்டிருந்தால் 'முழுமைக்காக' என்று சொல்லியிருப்பேன். மூன்றையும் அட்டவணையாகப் போட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நிறம் கொடுத்தேன். மதிய இடைவேளைகள் நாலு அதிலேயே போயின. பிறகு எங்கள் மாநிலத்துப் படிவத்தை மட்டும் நிரப்பி அனுப்பினேன். மற்ற இரண்டுக்கும் நான் உரியவள் அல்ல.

அதற்கிடையில் கடைக்கும் ஒரு நடை போய்ப் பார்த்தேன். ஒரு பக்கத்துத் தெருவில், சாவி வெட்டும் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் இருந்தது. தோளில் மகளின் உடுப்புப் பையோடு உள்ளே போனேன். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பாணும் சீஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

"பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாமா?" என்பது முதல் கேள்வி.

அவர் பாணைக் கீழே வைத்தார். "சுடாமல் கொண்டுவந்தால் கதைக்கலாம்" என்றார். பிறகு, "எந்தக் கை உங்களுக்கு வாய்ப்பு?" என்று கேட்டார்.

"வலது கை. ஆனால் வலது கையில்தான் பிள்ளையைத் தூக்குவேன்."

கொஞ்சம் யோசித்தார். "பிள்ளையை மற்றக் கையில் தூக்கிப் பழகுங்கள்" என்றார். சிரிக்கவில்லை.

தோட்டா இல்லாத துப்பாக்கி ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு கிலோ சீனிப் பைக்கெற்றை விடக் கொஞ்சம் பாரம் குறைவு. குளிர்ந்திருந்தது. உடனே கைகழுவ வேண்டும் போல இருந்தது. வீட்டில் பிள்ளை இருப்பதால் துப்பாக்கியை ஒரு இரும்புப் பெட்டிக்குள்ளும் தோட்டாக்களை வேறோர் இடத்திலும் பூட்டி வைக்கச் சொன்னார். நான் குறித்துக்கொண்டேன். நாலு பக்கம் வந்தது.

பத்து நாளில் பொலிஸ் ஆயுதப் பிரிவில் இருந்து ஓர் அதிகாரி அழைத்தார். என் இரண்டு பக்கக் கடிதத்தை வாசித்ததாகவும், அப்படி ஒன்றைத் தான் முன்பு வாசித்ததில்லை என்றும் மரியாதையாகச் சொன்னார். பிறகு, "உங்கள் கணவர் எந்த நாட்டுக் குடிமகன்?" என்று கேட்டார்.

நான் மூன்று வயதில் இங்கு வந்தவள். அம்மா அப்பாவோடு சேர்ந்து எனக்கும் சிவப்புச் சுவிஸ் கடவுச்சீட்டுக் கிடைத்துவிட்டது. இவர் பதினெட்டு வயதில் வந்தவர். வதிவிட அனுமதி இருக்கிறது. குடியுரிமைப் படிவம் எட்டு வருடமாக அடுப்படி லாச்சியில் இருக்கிறது. நேர்முகத்தில் மலைகளின் பெயரைக் கேட்பார்கள் என்று பயம்.

"இலங்கை" என்றேன்.

அதிகாரி பக்கங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. சில நாடுகளின் குடிமக்கள் இங்கே ஆயுதம் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாதாம். ஒரு பட்டியல் இருக்கிறதாம். இலங்கை அதில் இருக்கிறதாம். "நீங்கள் வாங்கலாம், அம்மணி. உங்கள் கணவர் வாங்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. பெட்டியின் இலக்கம் அவருக்குத் தெரியக் கூடாது. சாவியால் பூட்டுவது என்றால் அந்தத் திறப்பு அவருக்குக் கிடைக்கக் கூடாது."

"நான் குளித்துக்கொண்டிருக்கும்போது கள்ளன் வந்தால்?"

"அப்போது எங்களை அழையுங்கள்" என்றார்.

இதை இவரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் புட்டு அவித்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். நீராவிக்குள் முகம் தெரியாது.

இவர் முதலில் சிரித்தார். பிறகு நிறுத்தினார். பிறகு மறுபடி சிரித்தார்.

"அப்ப எங்கட வீட்டில ரெண்டு பேர் அதைத் தொடக்கூடாது. ஒண்டு கள்ளன், மற்றது நான்."

"பிள்ளையும்தான்."

"ஓ, மூண்டு பேர். நான் ஒரு நாளைக்கு எத்தினை சனத்தை ஏத்தி இறக்கிறன் தெரியுமே? அந்த நீட்டு டிராம் முழுக்க என்ர கையில. அதுக்குப் பயமில்லை. ஒரு சின்னத் துவக்குக்குப் பயமாம்."

"சட்டம் எண்டா நான் என்ன செய்யிறது?"

"நீர் ஒண்டும் செய்யாதேயும். வாங்கும். வாங்கிப் போட்டு வாணி விழாவில ஆயுத பூசைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறதெண்டா நீரே வையும். நான் தள்ளி நிண்டு கும்பிடுறன்."

சொல்லிவிட்டுப் புட்டைச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துக் கோப்பையைக் கழுவும்போது, முதுகைக் காட்டிக்கொண்டே, "உந்தச் சாமானை ஆரும் கையில வச்சுக்கொண்டு நிண்டா எனக்கு அந்த இடத்தில நிக்க ஏலாது. அது கள்ளனெண்டாலும் சரி, நீரெண்டாலும் சரி" என்றார். ஆனாலும் நான் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவில்லை. தொடங்கிய படிவத்தை நடுவில் விடுவது எனக்கு உடம்புக்கு ஆகாது.

அனுமதிப் பத்திரம் தபாலில் வந்தது. ஆறு மாதம் செல்லுபடி. ஒரே தாள், என் பெயர், ஒரு முத்திரை. அதே கிழமை மச்சாள் அழைத்து, மேல்மாடி யன்னல்களுக்குத் திரைச்சீலை அளவெடுத்துவிட்டதாகச் சொன்னார். பச்சையா நீலமா என்று கேட்டார். வீடு மாறும் நாள் நெருங்குகிறது என்று புரிந்தது. ஆனாலும் நேரே கடைக்குப் போய் வாங்கிவிட எனக்கு மனம் வரவில்லை. எதையும் ஒத்திகை பார்க்காமல் நான் செய்ததில்லை. பிரசவத்துக்குக்கூட வைத்தியசாலைக்கு இரண்டு தரம் டிராமில் போய் நேரம் பார்த்தவள்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒத்திகை வைத்தோம். இலக்கம் அழுத்தித் திறக்கும் சின்ன இரும்புப் பெட்டி ஒன்றை ஏற்கெனவே வாங்கியிருந்தேன். மகளின் பச்சையும் செம்மஞ்சளுமான தண்ணீர்த் துவக்கை அதற்குள் வைத்துப் பூட்டிப் படுக்கையறை அலமாரியில் வைத்தேன். தோட்டாக்களுக்குப் பதிலாக ஒரு பைக்கெற் கச்சான் கடலை, அடுப்படி மேல் தட்டில். கள்ளன் இவர். பால்கனியால் ஏறி வரவேண்டும். 'கள்ளன் மாதிரி இல்லை' என்று மகள் அழுததால் கறுப்புத் தொப்பியைக் கண் வரை இழுத்து, என் கறுப்புச் சால்வையால் முகத்தைக் கட்டிக்கொண்டார்.

முதலாம் தரம் இவர் ஏறி வந்து, பால்கனிக் கதவடியில் நின்று, சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"கள்ளன் சப்பாத்தைக் கழட்டுவானோ?" என்று கத்தினேன்.

"நான் என்ன செய்ய, கால் தன்பாட்டில நிண்டிட்டுது. நாளைக்கு நிலம் துடைக்கிறது நான்தானே."

அதற்குள் நான் பெட்டியைத் திறக்கவே இல்லை. அவசரத்தில் மூன்று தரம் பிழையாக அழுத்தியதால் பெட்டி என்னோடு கோபித்துக்கொண்டு சிவப்பு விளக்கு எரிந்தது. இவர் அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்தார். வீடு முழுவதையும் கட்டிக்கொண்டு போகக் கள்ளனுக்கு நேரம் போதும்.

இரண்டாம் தரம் பெட்டி திறந்துவிட்டது. ஆனால் கச்சானை எடுக்க நாற்காலியில் ஏற வேண்டியிருந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் கள்ளன் நின்றுகொண்டு, "விழுந்திடுவீர், பிடிக்கட்டோ?" என்று கேட்டார்.

மூன்றாம் தரத்துக்கு முன்பு இலக்கத்தை மாற்றினேன். இவர் வெளியே ஏறத் தயாராக நின்றார். நான் அலமாரிக்கு முன்னால் முழங்காலில் இருந்து இலக்கத்தை அழுத்தத் தொடங்கினேன். பின்னால் இருந்து மகள் பாட்டுப் போலச் சொன்னாள்.

"நாலு, ஒண்டு, ஒன்பது, ரெண்டு, ரெண்டு, ஏழு."

கை அப்படியே நின்றது. சரியான இலக்கம். கால்மணி நேரத்துக்கு முன்புதான் மாற்றியது. எண்களை அழுத்தும்போது நான் வாய்க்குள் சொல்லிக்கொள்கிறவள். தமிழ்ப் பாடசாலையில் வாய்ப்பாடு சொன்ன பழக்கம். வீட்டில் அவளுக்கு ஒன்றில் இருந்து ஆறு வரை தமிழில் எண்ணக் கற்றுக்கொடுத்தவளும் நான்தான். அவள் மேலே ஒன்பது வரை தானாகவே போயிருக்கிறாள்.

"இதை ஆர் சொல்லித் தந்தது?"

"நீங்கள்தானே அம்மா" என்றாள். பிறகு கையை நீட்டி ஆறு எண்களையும் தானே அழுத்தினாள். பெட்டி பச்சை விளக்குக் காட்டித் திறந்தது. தண்ணீர்த் துவக்கை எடுத்து, "இந்தாங்கோ" என்று என்னிடம் தந்தாள்.

அந்த நேரத்தில்தான் இவர் பால்கனியால் குதித்து உள்ளே வந்தார். அதே நேரத்தில் வாசல் மணி அடித்தது. மகள் ஓடிப் போய்த் திறந்தாள்.

இரண்டு பொலிஸ்காரர்கள். ஓர் ஆண், ஒரு பெண். மேல்வீட்டு அம்மையார், ஞாயிற்றுக்கிழமை குடை விரித்துவைத்தால்கூடச் சத்தம் என்று கடிதம் எழுதிப் போடுகிறவர், முகத்தை மூடிய ஒருவன் எங்கள் பால்கனியில் இரண்டு தரம் ஏறியதைப் பார்த்து அழைத்திருக்கிறார். அவர்கள் கண்டது இதுதான்: கறுப்புச் சால்வையால் முகம் கட்டிய ஓர் ஆள். அவனுக்கு நேரே துவக்கோடு ஒரு பெண். நடுவில் கைதட்டுகிற குழந்தை.

"கையில் இருப்பதைக் கீழே வையுங்கள்" என்றாள் பொலிஸ்காரி. உரத்துச் சொல்லவில்லை. ஆனால் அவளுடைய வலது கை இடுப்புக்குப் போயிருந்தது. அந்தக் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் கீழே வைத்தேன். தண்ணீர் கசிந்து பலகை நிலத்தில் ஓடியது. திரும்பிப் பார்த்தால் இவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை விரித்து, உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றார். அவரிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவ்வளவு சரியாக, அவ்வளவு விரைவாகத் தூக்கியிருந்தார். மகளும் அதைப் பார்த்துத் தன் கைகளைத் தூக்கினாள்.

விளக்கம் சொல்ல இருபது நிமிடம் பிடித்தது. பொலிஸ்காரன் தண்ணீர்த் துவக்கை எடுத்துப் பார்த்துவிட்டு, தன் மகனிடமும் இதே நிறத்தில் ஒன்று இருப்பதாகச் சொன்னான். வீட்டில் வேறு ஆயுதம் இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் கடமை தவறாமல் போய் அனுமதிப் பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினேன். பொலிஸ்காரி அதை வாசித்தாள். மறுபடி வாசித்தாள். "இன்னும் வாங்கவில்லை?" என்றாள்.

"இல்லை. ஒத்திகை பார்த்தோம்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். போகும்போது பால்கனிக் கதவைப் பார்த்து, இதற்கு நல்ல பூட்டுப் போடும்படி வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுதச் சொன்னாள். நான் அன்றைக்கே எழுதினேன், ஒன்றரைப் பக்கம்.

கதவைச் சாத்தியபின் இவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கச்சானை உரித்துக்கொண்டு சொன்னார். "மேல்வீட்டு மனிசி பெட்டியை விட வேகம் என்ன?"

நான் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. அந்தப் பொருள் பச்சையும் செம்மஞ்சளுமாக இல்லாமல் கறுப்பாக இருந்திருந்தால் என்ற ஒரே எண்ணம்தான். அதை என்னிடம் எடுத்துத் தந்தவள் யார் என்பதும். நான் வாங்கப் போவதில்லை என்று அப்போது முடிவாகிவிட்டது. பயம் மட்டும் போகவில்லை. நொஷாட்டலும் அங்கேயே இருந்தது.

புதன்கிழமை மச்சாள் அழைத்தார். இவர் வேலையில். மகள் வரைந்துகொண்டிருந்தாள்.

"பச்சைத் துணி எடுத்திட்டன். எப்ப சாமான் ஏத்துறியள்? நான் அத்தானை வான் ஒண்டு கேக்கச் சொல்லட்டோ?"

பெரியவர்களிடம் நான் பொய் சொல்வதில்லை. அன்றும் சொல்லவில்லை.

"மச்சாள், ஒரு விஷயம் சொல்ல வேணும். எனக்குத் துவக்கு வாங்க அனுமதி வந்திட்டுது."

"என்ன வந்திட்டுது?"

"பொலிஸ்தான் தந்தது. நாடு முழுக்கச் செல்லும். நொஷாட்டலிலயும் செல்லும், நான் பாத்திட்டன். உங்கட மாநிலத்துப் படிவமும் என்னட்ட இருக்கு."

அங்கே பாத்திரம் ஒன்று வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"சட்டத்தில ஒரு சின்னப் பிரச்சினை மட்டும் இருக்கு, மச்சாள். இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவைக்குக் கிட்ட அது இருக்கக் கூடாதாம். உங்களுக்கும் அத்தானுக்கும் அதுதானே. அப்பிடி ஒரு வீட்டில வைக்கிறதெண்டா அறையைப் பூட்டி வைக்க வேணும். திறப்பு உங்களுக்குத் தர ஏலாது. நீங்கள் மேல்மாடிக்கு வர முதல் என்னட்டக் கேக்க வேண்டி வரும்."

"என்ர வீட்டு மேல்மாடிக்கோ?"

"நான் சொல்லேல்லை, மச்சாள். சட்டம்."

நான் வாங்கிவிட்டேனா என்று அவர் கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். உண்மையாகச் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்லியிருக்க வேண்டுமா என்று அன்று இரவு யோசித்தேன், இப்போதும் சில நாட்களில் யோசிக்கிறேன்.

"பிள்ளை" என்றார் கடைசியில். "நான் யோசிச்சனான், உமக்கும் அங்க வேலை இருக்கு. மகளுக்கும் அந்த இடம் பழகிப்போச்சு. இப்ப அவசரமில்லை என்ன?"

"ஓம் மச்சாள். அவசரமில்லை."

அடுத்த மாதம் மேல்மாடியை இரண்டு மாணவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டார். பச்சைத் திரையோடு. எங்கள் பால்கனிக் கதவுக்குப் புதுப் பூட்டு வந்தது. பின்னேரங்களில் நான் இன்னும் விளக்குகள் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத்தான் சமைக்கிறேன். மேலே அம்மையார் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டால் இப்போதெல்லாம் கோபம் வருவதில்லை. அவர் வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். ஊர்ச் சனம் எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறது. கோயிலில் ஒரு அக்கா என் கைப்பையைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கமாக வரிசையில் நின்றார். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் இப்போது முன்கூட்டியே அழைத்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

தைப்பொங்கலுக்கு மச்சாள் எங்களை நொஷாட்டலுக்கு அழைத்தார். எல்லாம் கதைத்து முடிந்த பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, வரேக்க உதைக் கொண்டு வராதேயும் என்ன? நல்ல நாளும் அதுவுமா."

"சத்தியமாக் கொண்டு வரமாட்டன், மச்சாள்" என்றேன்.